கணினி கேள்வி–பதில்: பழைய பிராசஸரை லினக்ஸ் கைவிட்டால் என்ன செய்வது?

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் 32 பிட் பிராசஸர்களுக்குக் கர்னலும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. அதையொட்டி மலைப்பகுதி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்துத் தந்திருக்கிறோம்.

எங்கள் பச்சைத் தேயிலை கொள்முதல் மையத்தில் ஒரு பழைய பென்டியம் 4 கணினி. எடை மெஷினிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடை நேரே கணினிக்கு வந்து ரசீது அச்சாகும். டெபியன் 12, 32 பிட். இனி 32 பிட் கிடையாது என்கிறார்கள். சீசனில் திடீரென்று நின்றுவிடுமா?
– கோத்தகிரி வாசகர்

நிற்காது ஐயா. ஆதரவை நிறுத்துவது என்றால் புதிய பதிப்பு உங்கள் மெஷினில் ஏறாது என்றுதான் பொருள். ஓடிக்கொண்டிருப்பதை யாரும் வந்து அணைக்கப்போவதில்லை. டெபியன் 12-க்கு நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 ஜூன் வரை திட்டமிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். பேக்கேஜ்கள் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் லிஸ்ட் கோப்பில் 'புக்வோர்ம்' (12-இன் பெயர்) என்பதை 'டிரிக்ஸி' (13-இன் பெயர்) என்று மாற்றி, அந்த 32 பிட் சிஸ்டத்தை 13-க்கு ஏற்றப் பார்க்கக் கூடாது. புதிய கர்னல் வராது. மற்ற பேக்கேஜ்கள் மட்டும் புதிதாகும். பாதி பழசு, பாதி புதுசு என்று நடுவழியில் சிக்கிக்கொள்வீர்கள்.

முதலில் பிராசஸரைப் பாருங்கள். பென்டியம் 4 என்றாலே 32 பிட் என்று சொல்லிவிட முடியாது; 2005-இல் வந்த 600 வரிசை 64 பிட். டெர்மினலில் எல்-எஸ்-சி-பி-யு என்று தட்டினால் இரண்டாவது வரியில் '32 பிட், 64 பிட்' என்று இரண்டும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தரவைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, 64 பிட் டெபியனைப் புதிதாகப் போடலாம்.

'32 பிட்' மட்டும் வந்தால் இரண்டு வழி உண்டு. கணினி இன்டர்நெட் இல்லாமல் எடை, ரசீது வேலையை மட்டும் செய்கிறதா? அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். தினக்கணக்கைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். அந்தப் பென்டிரைவை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். கணக்கு அன்றாடம் நெட் வழியாக அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்றால் மெஷினை மாற்றத்தான் வேண்டும். விவசாயியின் கிலோ கணக்கும் பணமும் அதில் இருக்கிறது.

மாற்றும்போது தகராறு வருவது பெரும்பாலும் சீரியல் போர்ட்டில்தான். புதிய கணினிகளில் ஒன்பது பின் போர்ட் இருக்காது. யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் வாங்குவீர்கள். மென்பொருளில் போர்ட்டின் பெயரை டிடிஒய்எஸ்0 என்பதிலிருந்து டிடிஒய்யூஎஸ்பி0 என்று மாற்ற வேண்டும். ரசீது போடும் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி மறுப்பு என்று வரும். மலிவான சிஎச்340 கன்வர்ட்டர் செருகிய நொடியே காணாமல் போனால், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவி என்று நினைத்து 'பிஆர்எல்டிடிஒய்' என்ற பேக்கேஜ் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரெயில் கருவி அங்கே இல்லை என்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடுங்கள்.

எடை தப்பாக வந்தால் திரையைக் கவனியுங்கள். எல்லாமே குப்பை எழுத்தாக வந்தால் வேகம் தப்பு. 9600, 4800, 2400 என்று மாற்றிப் பாருங்கள். 0, 3, 5, 6, 9 மட்டும் சரியாக வந்து 1, 2, 4, 7, 8 குப்பையாக வருகிறதா? எடை மெஷின் 7 பிட், ஈவன் பாரிட்டியில் (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்க ஒரு சரிபார்ப்பு பிட் சேர்த்து) அனுப்புகிறது. உங்கள் கணினி 8 பிட், பாரிட்டி இல்லாமல் படிக்கிறது. ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள எழுத்துகளில் பாரிட்டிக்காகச் சேரும் எட்டாவது பிட், எழுத்தையே மாற்றிவிடுகிறது. அமைப்பை 7 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள், தீர்ந்தது.

பழைய ரசீது மென்பொருள் 32 பிட் புரோகிராம் என்றாலும் கவலை வேண்டாம். 64 பிட் டெபியன் 13-இல் ஐ386 (32 பிட்) ஆர்க்கிடெக்சரைக் கூடுதலாகச் சேர்த்து, ஐ386-க்கான லிப்சி6 என்ற அடிப்படை லைப்ரரியை நிறுவினால், வேறு லைப்ரரி ஏதும் கேட்காத புரோகிராம் அப்படியே ஓடும். கேட்டால் அதன் ஐ386 வடிவத்தையும் போடுங்கள். 32 பிட் லைப்ரரிகளை டெபியன் இன்னும் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

லினக்ஸ் என்றாலே பழைய கணினிக்கு வாழ்வு தருவது என்று படித்திருக்கிறோம். பழைய பிராசஸருக்காக இருக்கிற நிரலை (கோட்) ஏன் வேலை மெனக்கெட்டு நீக்குகிறார்கள்? அது பாட்டுக்கு ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே?
– கல்லூரி மாணவி, ஊட்டி

நல்ல கேள்வி அம்மா. 'ஓரமாக' இருக்க முடிந்தால் யாரும் நீக்கமாட்டார்கள். கர்னலில் அது ஓரமாக இருப்பதில்லை, நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்டெலின் பழைய 386 பிராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் 1991-இல் பிறந்ததே அந்தப் பிராசஸரில்தான். அதில் ஒரு குறை: 'இந்தப் பக்கத்தில் எழுதாதே' என்று நினைவகத்தில் பூட்டுப் போட்டாலும், கர்னல் எழுதும்போது 386 அந்தப் பூட்டைப் பார்ப்பதே இல்லை. ஆகவே ஒரு புரோகிராமின் நினைவகத்தில் எழுதும் முன்பு ஒவ்வொரு முறையும் கர்னலே பூட்டைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 'கம்பேர் அண்ட் எக்ஸ்சேஞ்ச்' கட்டளையும் அதில் கிடையாது. ஒரு மதிப்பை ஒப்பிட்டு, சமமாக இருந்தால் மட்டும் மாற்றும் வேலையை, நடுவில் யாரும் குறுக்கிடாமல் ஒரே மூச்சில் முடிக்கும் கட்டளை அது. பல கோர்கள் ஒரே தரவைத் தொடும்போது இதை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. 386-க்காக அதற்கும் மாற்றுவழி எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பகுதியைத் தொடும் ஒவ்வொருவரும் அந்த மாற்றுவழியையும் நினைத்து எழுதவேண்டியிருந்தது. கடைசியில் 2013-இல் வந்த 3.8 கர்னலில் அதை நீக்கினார்கள்.

486-க்கும் இதே கதைதான். 8 பைட்டை ஒரே மூச்சில் மாற்றும் கட்டளையும், பிராசஸரின் கடிகாரத் துடிப்பை எண்ணும் டைம் ஸ்டாம்ப் கவுன்ட்டரும் அதில் இல்லை. அதை நீக்க 2025-இல் கர்னலை எழுதுபவர்களில் ஒருவரான இங்கோ மோல்நர் பேட்ச் (கோடில் செய்யவேண்டிய மாற்றம்) அனுப்பினார். கணித இணைச்செயலி இல்லாத 486 எஸ்எக்ஸுக்காகத் தசமக் கணக்கை மென்பொருளிலேயே போட்டுக்காட்டும் பகுதியும் அந்த நீக்கப் பட்டியலில் இருந்தது.

இன்னொரு காரணம் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. மெல்ட்டவுன் என்ற, பிராசஸர்களில் இருந்த பாதுகாப்பு ஓட்டை 2018 ஜனவரியில் வெளியானது. 64 பிட்டுக்கு அதே மாதம் வந்த 4.15 கர்னலில் தடுப்பு கிடைத்தது. 32 பிட்டுக்கு அக்டோபரில் வந்த 4.19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கவனிக்க ஆள் இல்லாத கோட் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது பயனரை ஏமாற்றுவதுதான். 'இனி இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை என்பது எங்கள் கருத்து. கோட் திறந்தே இருப்பதால் பழைய பதிப்பு எங்கும் போய்விடாது; விரும்புகிறவர்கள் எடுத்து ஓட்டலாம். நிறுவனம் பூட்டிவைத்த மென்பொருளில் அந்த வழியும் கிடையாது.

2012-இல் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. 2 ஜிபி ராம். உள்ளே 32 பிட் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. இதைத் தூக்கிப் போடவேண்டியதுதானா?
– கொடைக்கானல் வாசகர்

வேண்டவே வேண்டாம். உள்ளே போட்டிருக்கும் சிஸ்டம் வேறு, பிராசஸர் வேறு. அந்த மடிக்கணினிகளில் பல 64 பிட் பிராசஸரோடு, 32 பிட் சிஸ்டம் போட்டு வந்தவை. மேலே சொன்ன எல்-எஸ்-சி-பி-யு கட்டளையில் முதல் வரி 'ஐ686' என்று காட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அது ஓடும் கர்னலைச் சொல்கிறது. பார்க்க வேண்டியது இரண்டாவது வரியை.

64 பிட் என்றால் டெபியன் 13-ஐ எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு போடுங்கள். 64 பிட்டில் முகவரிகள் இரட்டிப்பாக இடம் பிடிக்கும். 2 ஜிபியில் பிரவுசர் திணறும். 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்றும், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும் போட்டால் ஆளே மாறிவிடும். வைஃபை சிப் பிராட்காம் என்றால் ஃபர்ம்வேர் தனியாக இறக்கவேண்டி வரலாம். அதுவரை மொபைலை யூஎஸ்பியில் செருகி டெதரிங் செய்துகொள்ளுங்கள்.

மலையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். மூடுபனி ஈரத்தில் ராமின் பித்தளை நிற முனைகளில் மங்கல் படியும். இன்ஸ்டால் பாதியில் உறைந்தாலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வந்தாலோ லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, ராமை எடுத்து, முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துச் செருகுங்கள். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு முழுச் சுற்று ஓடட்டும்.

கோர் 2 டுவோ மெஷினில் ராக்கி லினக்ஸ் 9 போட்டால் 'எக்ஸ்86-64-வி2 இல்லை' என்று நின்றுவிடுகிறது. 64 பிட் பிராசஸர்தானே?
– கூடலூர் வாசகர்

64 பிட்தான், ஆனால் அதற்குள்ளும் படிகள் உண்டு. ராக்கிக்கு மூலமான ரெட் ஹேட் 9 வரிசை இரண்டாம் படியை (வி2) கேட்கிறது, அதற்கு எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற பிராசஸர் கட்டளைகள் வேண்டும். அவை 2008-இல் வந்த இன்டெலின் நெஹாலம் பிராசஸர்களில் இருந்துதான். கோர் 2 டுவோவில் இல்லை. பயாஸில் எதை மாற்றினாலும் வராது. ராக்கி 8 போடுங்கள், 2029 மே வரை ஆதரவு உண்டு. அல்லது டெபியன் 13. அது இன்னும் முதல் படியே போதும் என்கிறது.

ஆட்டம் என்270 நெட்புக்குக்கு ஏதாவது வழி?
– குன்னூர் வாசகர்

அது முழு 32 பிட். ராமும் 2 ஜிபிக்கு மேல் ஏறாது. டெபியன் 12 அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 போடலாம். லினக்ஸ் அல்லாத வேறு திறந்த சிஸ்டங்களான நெட்பிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் 32 பிட்டை இன்னும் வைத்திருக்கின்றன. ஃப்ரீபிஎஸ்டி 15-இல் நிறுத்திவிட்டது. பிரவுசர்தான் முட்டுக்கட்டை: 32 பிட் லினக்ஸுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 144-தான் கடைசி. நீண்டகாலப் பதிப்பான 140-க்கு 2026 செப்டம்பர் வரையாவது திருத்தங்கள் தருவதாக மோசில்லா அறிவித்தது. அதற்குப் பின் அதில் பேங்க் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். எழுத, படிக்க, பாட்டுக் கேட்கத் தாராளமாகப் போதும்.

கரன்ட் போய் வந்ததும் அப்டேட் செய்யும்போது 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வந்தால், ஆதரவு போய்விட்டது என்று பயப்படவேண்டாம். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். கையோடு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். நெட்புக்குகளில் அது வயரோடு இணைந்து வரும் என்பதால், வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போவது நல்லது.