ஒரு மாதக் குட்டிக்கு ‘பெண்’ என்று கியாரண்டியா?

கேள்வி: மகளுக்காக மதுரையில் ஒரு கடையில் லெப்பர்ட் கெக்கோ (வளர்ப்புப் பல்லி வகை) குட்டிகள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். பிறந்து ஒரு மாதமாம். “ரெண்டுமே பெண், ஒரே பெட்டியில் விடலாம்” என்று சொல்லி, அதற்காகவே குட்டிக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு மாதக் குட்டியை வெறும் கண்ணால் பார்த்து யாரும் கியாரண்டி தர முடியாது.

பார்க்க வேண்டிய இடம் அடிவயிறு. வளர்ந்த ஆணுக்கு மலத்துவாரத்துக்கு மேலே, பின்னங்கால்களுக்கு நடுவில், கூரை முகடு போல ஒரு வரிசைத் துளைகள் இருக்கும். மெழுகு மாதிரி ஏதோ அடைத்திருக்கும். துவாரத்துக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் இரண்டு புடைப்புகள். பெண்ணுக்கும் அந்த வரிசை மங்கலாகத் தெரியும், ஆனால் புடைப்பு கிடையாது. குட்டியிடம் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியாது என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கைதேர்ந்தவர்கள் நகைக்கடை லென்ஸ் வைத்துக் கொஞ்சம் முன்பே ஊகிப்பார்கள். ஆறு மாதம் ஆனால் உங்களுக்கே தெரிந்துவிடும். மல்லாத்திப் பிடிக்க வேண்டாம், மிரண்டால் வாலைக் கழற்றிவிடும். அடி தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, கீழிருந்து மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

“பெண்ணுக்கான சூட்டில் பொரித்தது” என்றும் சொல்வார்கள். அதில் விஷயம் உண்டு. இந்த இனத்தில் ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் சூடு தீர்மானிக்கிறது: 26 டிகிரி செல்சியஸ் வாக்கில் பெரும்பாலும் பெண், 32 வாக்கில் ஆண் அதிகம், 34-ஐத் தாண்டினால் மறுபடி பெண் அதிகம். ‘பெரும்பாலும்’ என்பதற்குத் தனி விலை கொடுக்க முடியாது.

இரண்டும் ஆணாகிவிட்டால் வளர வளரக் கடித்துக் குதறிக்கொள்ளும். ஜோடியாக அமைந்தாலும் நல்லதல்ல. உடம்பு தேறும் முன்பே பெண் முட்டை சுமக்க நேரும். பெண்கள்கூடச் சில சமயம் ஒன்றையொன்று அண்டவிடாது. ஆகவே ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டு பெட்டி வையுங்கள். வறண்ட நிலத்துப் பிராணி என்பதால், நம் கடலோர ஈரக்காற்றுக்குப் பெட்டியில் காற்றோட்டம் தாராளமாக இருக்கட்டும்.

பெண்தான் வேண்டுமென்றால் ஆறு மாதம் தாண்டியதை வாங்குங்கள். குட்டிதான் என்றால், “ஆணாக இருந்தால் மாற்றித் தரப்படும்” என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். கடை மதுரையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வாங்கியதற்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமும் இல்லை.