மார்க்கரை அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டால் போதாதா?

"எக்ஸ்ரே படம் எடுத்த பிறகு திரையில் ஆர் (வலது), எல் (இடது) என்று தட்டிவிட்டால் போதும் என்கிறார் சீனியர், சரிதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. பக்கத்தைக் காட்டும் ஆர், எல் எழுத்துள்ள ஈய மார்க்கரை நோயாளி எதிரில் இருக்கும்போதே வைக்கிறோம். அது படத்தோடு சேர்ந்தே பதிந்துவிடும். அப்புறம் தட்டுவது ஞாபகத்தை நம்பித் தட்டுவது. படத்தைப் புரட்டினால் இடது கை வலது கையாகிவிடும்.

நெஞ்சுப் படத்தில் இதயத்தை வைத்தே பக்கம் தெரியுமே என்பார்கள். இதயம் வலப்பக்கம் உள்ளவர் வந்தால்? 'மாறி வந்துவிட்டது' என்று யாராவது புரட்டிவிடுவார். அவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால், அதை வெளியேற்றும் குழாய் எந்தப் பக்கம் போகும்?

மார்க்கரை, கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்துக்குள், ஓரமாக, உறுப்பை மறைக்காமல் வையுங்கள். முதுகுப்பக்கமிருந்து கதிர் செலுத்தும் நெஞ்சுப் படத்துக்கு எழுத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கண்ணாடியில் பார்த்ததுபோல வரும் (எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு). பக்கவாட்டுப் படத்துக்கு டிடெக்டரை (கதிரை வாங்கிப் படமாக்கும் தட்டு) ஒட்டிய பக்கத்தின் எழுத்து. படுக்க வைத்து எடுத்தால் அதையும் குறியுங்கள். நிற்கும்போது தெரியும், உடலுக்குள் சேர்ந்த நீரின் மட்டக் கோடு படுக்கையில் தெரியாமல் போகலாம்.

மறந்துவிட்டால் உடனே மறுபடி எடுக்காதீர்கள், வீண் கதிர். நோயாளி அறையில் இருக்கும்போதே அவரிடமும் மருத்துவர் சீட்டிலும் பக்கத்தைச் சரிபாருங்கள். பின்னால் சேர்த்த குறி என்று படத்திலேயே எழுதி, ரிப்போர்ட் எழுதும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், உங்கள் இனிஷியல் போட்ட ஒரு ஜோடி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொது மார்க்கர் தேவைப்படும் நேரத்தில் கிடைத்ததே இல்லை.