ஜாம்பவான்னா யாரு அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, நேத்து டீமுக்கு வந்த பயலையும் டிவில ஜாம்பவான்ங்கான், செல்போன் கம்பெனியையும் ஜாம்பவான்ங்கான். நிஜமா யாரை அப்படிச் சொல்லணும்? பொம்பளையாளுக்கு என்ன சொல்ல? - வாசகர், வள்ளியூர்

பதில்: வள்ளியூர்ல இருந்துக்கிட்டு இதை எங்கிட்ட கேக்கியளே தம்பி, மகேந்திரகிரி மலை உங்களுக்குக் கண்ணுக்கு எட்டுற தூரம்லா. இப்ப அங்க இஸ்ரோக்காரங்க ராக்கெட் இன்ஜின் டெஸ்ட் பண்ணுதாங்க, ஆனா நம்ம பக்கத்துப் பெரியாளுகளைக் கேட்டா அனுமாரு இலங்கைக்குத் தாவுனதே இந்த மலைல இருந்துதான்னு சொல்லுவாவ. அன்னைக்கு அனுமாருக்கு அவரு பலத்தை எடுத்துச் சொல்லிக் கிளப்பி விட்டவருதான் ஜாம்பவான், கரடிக் கூட்டத்துக்குத் தலைவரு. வால்மீகில அவரு போடுற கணக்கு நல்லாருக்கும், உலகளந்த பெருமாளையே சுத்தி வந்தவன் நான், இப்ப வயசாயிட்டு, அந்தக் காலத்துத் தூரக் கணக்குல 90 யோசனைதான் தாண்டுவேன்ங்காரு, கடலோ 100 யோசனை. பொறவு கிருஷ்ணர் காலத்துலயும் இருந்து, சியமந்தக மணிக்காக அவர்கூட மல்லுக்கட்டி, கடைசில மக ஜாம்பவதியையும் கட்டிக்கொடுத்தாரு.

அதனால வெறும் திறமை பத்தாது, ஒரு தொழில்ல ஊறிப்போயி எவன் எவ்வளவு தாண்டுவான்னு பாத்தவுடனே சொல்ற ஆளா இருக்கணும்ங்கது என் கட்சி. ரெண்டு மேட்ச் அடிச்சவனுக்கு கில்லாடி, சூரன்னு வேற வார்த்தையா இல்ல? அதுக்காக நரைச்ச தலைதான் வேணும்னும் இல்ல, காருகுறிச்சி அருணாசலம் 1921ல பொறந்து 1964லயே போயிட்டாரு, அவரை நாதஸ்வர ஜாம்பவான் இல்லன்னு சேரன்மாதேவி பக்கம் போயி சொல்லிட்டு முழுசா திரும்பி வந்துருங்க பாப்போம்.

கம்பெனி விஷயம் பேப்பர்காரங்க எழுதி எழுதிப் பழக்கமாயிட்டு, விட்டுருவோம். சாமானுக்கு மட்டும் ஒட்டவே ஒட்டாது, அல்வாவைப் போயி ஜாம்பவான்னா கேக்கவே நல்லாவா இருக்கு?

பொம்பளையாளுக்கும் ஜாம்பவான்னே சொல்லலாம், தப்பில்ல, இசை ஜாம்பவான்கள்னு பட்டியல் போட்டா அதுல அவங்களும் உண்டுதானே. ஜாம்பவதின்னு மட்டும் மாத்திராதீங்க, அது அவரு மக பேரு, கிருஷ்ணர் பொண்டாட்டி.