1937-இல் கணினியே இல்லை, டிஸ்னி படத்தில் ஸ்னோ ஒயிட்டின் உதடு மட்டும் பாட்டோடு எப்படி அவ்வளவு பொருந்தியது? நான் வரைந்தால் விலகிப் போகிறதே?

நீங்கள் அநேகமாகப் படத்தை வரைந்துவிட்டுப் பாட்டை ஒட்டுகிறீர்கள். அங்கே நேர்மாறு: பாட்டு முதலில், படம் பிறகு.

ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்), நிமிடத்துக்கு 1440. பன்னிரண்டு ஃபிரேமுக்கு ஒரு தாளத் தட்டு என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. பதினாறு என்றால் 90. பதிவான பாட்டில் எந்த ஒலி எந்த ஃபிரேமில் விழுகிறது என்று எக்ஸ்போஷர் ஷீட்டில் (ஃபிரேம் வாரியான குறிப்புத்தாள்) குறித்த பிறகுதான் அனிமேட்டர் வாயை வரைவார். உடலசைவுக்கு, பின்னாளில் மார்ஜ் சாம்பியன் என்று அறியப்பட்ட நடனக்காரரை ஆடவைத்துப் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். "அப்போ நகலெடுத்ததுதானே" என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வரைந்த இளவரசியின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது. அச்சாக நகலெடுத்தால் பொருந்தாது, மாற்றித்தான் வரைய வேண்டும்.

உங்கள் பாட்டு தமிழ் என்றே வைத்துக்கொள்கிறேன். எழுத்துக்கு ஒரு வாய் வரையாதீர்கள், உதடு படபடக்கும். 'கண்மணியே' என்பதற்கு மூன்று வாய் போதும்: க-வுக்குத் திறப்பு, ம-வுக்கு மூடல், யே-வுக்குப் பக்கவாட்டில் இழுத்த உதடு. ண, ணி எல்லாம் நாக்கின் வேலை, வெளியே தெரியாது. ப, ம வந்தால் உதடு குறைந்தது 2 ஃபிரேமாவது மூடியிருக்கட்டும். ஒரே ஃபிரேம் என்றால் கண்ணில் படாது. வாயை ஒலிக்கு ஓரிரு ஃபிரேம் முன்பே வையுங்கள். பிந்தினால் உடனே உறுத்தும். நீட்டிப் பாடும் இடத்தில் வாயை உறையவிடாமல் தாடையையும் தோளையும் கொஞ்சம் அசையுங்கள். அதற்கு முன் மூச்சிழுப்பும் வேண்டும்; பலர் விடுவது இதைத்தான்.

டப்பிங் பாட்டுகள் சறுக்குவதும் நீட்டலில்தான். திரையில் வாய் 'ஆ' என்று திறந்திருக்கும்போது தமிழ் வரி 'ம்'மில் முடிந்தால் எவ்வளவு நல்ல கவிதையும் கெட்டுப்போகும். பாடுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குரல்காரர்களுக்குப் பழிதான் வரும், பெயர் வராது. ஸ்னோ ஒயிட்டுக்காகப் பாடிய அட்ரியானா காசெலோட்டியின் பெயரே 1937 படத்தின் பெயர்ப்பட்டியலில் கிடையாது!

தொடக்கம் பொருந்தி, போகப்போக விலகினால் உங்கள் வரைதலில் தப்பில்லை. செயலியில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கைப் பாருங்கள். 24-இல் வரைந்தது 25-இல் ஓடினால், 3 நிமிடப் பாட்டில் படம் 7 நொடி முன்னதாகவே முடிந்துவிடும். 23.976 என்று இருந்தால் 4 ஃபிரேம் பிந்தும், அதுவே உதட்டில் தெரியும்.