கழுத்து எலும்பை ஒட்டவைக்க எது நல்லது?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறோம். கழுத்தில் 5, 6-ஆம் எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வலது கை மரத்துப்போகிறது. ஜவ்வை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் ஒட்டவைக்க வேண்டும் என்கிறார்கள். அந்த இடைவெளியில் வைக்க அவருடைய இடுப்பு எலும்பு, வங்கி எலும்பு, கேஜ் என மூன்று வழி சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு விலை. அவர் பீடி பிடிப்பவர். எதற்குச் சம்மதிப்பது?

பதில்: சகோதரி, விலை கூடினால் எலும்பு உறுதியாக ஒட்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். ஒரே ஓர் இடத்தில் செய்யும்போது இந்த மூன்றுமே பெரும்பாலோருக்கு நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன.

இடுப்பு எலும்புக்கு விலையே இல்லை. அதில் உயிருள்ள செல்கள் இருப்பதால் ஒட்டும் திறனும் அதிகம். ஆனால் அதை எடுக்க இன்னொரு கீறல் வேண்டும். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தத் தழும்பு விழும். கழுத்து வலி தீர்ந்த பிறகும் இடுப்பு வலிக்கிறது என்று வருகிறவர்கள் உண்டு. சிலருக்குத் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போகும்.

வங்கி எலும்பு, இறந்தவர்கள் தானம் செய்தது. பரிசோதித்து, சுத்திகரித்துத் தருகிறார்கள். பயம் வேண்டாம், சிறுநீரக மாற்றுக்குப் போல எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகள் இதற்குத் தேவையில்லை. ஒட்டுவதற்குச் சற்று அதிக நாளாகும். பீடி பிடிப்பவருக்கு நான் இதை முதலில் சொல்லமாட்டேன்.

கேஜ் என்பது பீக் என்ற பிளாஸ்டிக்கிலோ டைட்டானியத்திலோ செய்த சிறு கூடு. ஜவ்வை எடுக்கும்போது ஓரத்தில் வளர்ந்திருக்கும் எலும்பு முட்களையும் செதுக்கி எடுப்போம். அந்தத் துணுக்குகளை ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்து, கேஜுக்குள் அடைத்துப் பொருத்துவோம். இடுப்பைத் தொட வேண்டியதில்லை. உங்கள் கணவருக்கு என் யோசனை இதுதான். பீக் போதும் என்று மருத்துவர் சொன்னால், விலை கூடிய முப்பரிமாண அச்சு டைட்டானியத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

எலும்பு வளர்வதைத் தூண்ட எலும்பு வளர்ச்சிப் புரதம் வைக்கலாம் என்று எவரேனும் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். விலை மிக அதிகம். கழுத்தின் முன்பக்கத்தில் வைக்கும்போது தொண்டை வீங்கி மூச்சுத் திணறலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே எச்சரித்தது.

கேஜ், எலும்புகளை அசையாமல் பிடித்துவைக்கும் பிளேட், திருகு, அறுவை அரங்கம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். எந்தப் பொருள் அதில் அடங்கும் என்று சொல்வார்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் எலும்புக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. எந்தப் பொருளை வைத்தாலும், எலும்பு ஒட்டி முடியும் வரை பல மாதங்களுக்கு அவர் பீடியைத் தொடக்கூடாது. சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

அறுந்த நூலை முடிச்சுப் போட விரல்கள் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ தண்டுவடமே நசுங்குகிறது என்று பொருள். அப்போது விலை விசாரித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.