விண்வெளியில் நடக்கும் ஜப்பானிய அனிமே தொடரான கௌபாய் பீபாப்பில் ஃபே வாலண்டைன் வெறும் கவர்ச்சிக்காகச் சேர்த்த பாத்திரம்தானா?

இல்லை. நீங்கள் முதல் நாலைந்து அத்தியாயங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மஞ்சள் உடையும் கேமரா கோணங்களும் ஆண் பார்வையாளர்களை மனதில் வைத்தவைதான், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். ஆனால் அந்த உடையோடு அவளை முடித்துவிடுவது அநியாயம்.

ஃபே யார்? கடன்காரி. அறிமுகமாகும் 3-ஆம் அத்தியாயத்திலேயே கடனுக்காகத்தான் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறாள். காரணம் 15-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. விபத்தில் சிக்கி 54 வருடம் உறைநிலையில் வைக்கப்பட்டிருந்தவள் கண் விழிக்கிறாள். பழையது எதுவும் நினைவில்லை, சொந்தபந்தம் யாரும் இல்லை, கையில் மருத்துவமனை பில். உதவ வந்த வக்கீல் காதலிப்பதுபோல் பழகி, செத்துப்போனதாக நாடகமாடி, தன் கடனையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போகிறான்.

அந்த அத்தியாயத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. என் அப்பா, தன்கூட வேலை பார்த்த நண்பர் லாரி வாங்குவதற்காக, ஒரு தனியார் ஃபைனான்ஸில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் ஊரைவிட்டே போய்விட்டார். கொஞ்ச நாளில் அப்பாவும் மாரடைப்பில் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே வாசலில் இரண்டு பைக் வந்து நின்றது. அம்மாவுக்குப் பேச வரவில்லை, தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். நான்தான் பேசினேன். படிப்பை நிறுத்திவிட்டு, ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்குப் போய், நாங்கள் தொட்டுக்கூடப் பார்க்காத பணத்துக்கு மாதா மாதம் கட்டினேன்.

அந்த வருடங்களில் கறாராகப் பேசக் கற்றுக்கொண்டேன். யார் சிரித்துப் பேசினாலும் இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று பெரியப்பா சொன்னார். அவர் ஒரு தவணைகூடக் கட்டியதில்லை. அதனால் ஃபே பொய் சொல்வதையும், இருக்கிற பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதையும் பார்த்து "திமிர் பிடித்தவள்" என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஏமாறுவதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்பதைத் தொடரே காட்டுகிறது. 18-ஆம் அத்தியாயத்தில் ஒரு பழைய பீட்டாமேக்ஸ் வீடியோ டேப் வருகிறது. அதில் சிறுமி ஃபே வருங்கால ஃபேவுக்கு உற்சாகமாக வாழ்த்துச் சொல்கிறாள், பார்த்துக்கொண்டிருக்கும் ஃபேவுக்கோ எதுவுமே நினைவுக்கு வரவில்லை. 24-இல் பூமியில் தன் வீட்டைத் தேடிப் போகிறாள். இடிபாடுதான் மிச்சம். மண்ணில் குச்சியால் ஒரு படுக்கையின் அளவுக்குக் கோடு கிழித்து, அதற்குள் படுத்துக்கொள்கிறாள். கவர்ச்சிக்காக மட்டும் சேர்த்த பாத்திரத்துக்கு இதையெல்லாம் எழுதுவார்களா? தொடரின் கதையமைப்பைப் பார்த்துக்கொண்டவர் கெய்கோ நொபுமோட்டோ என்ற பெண் எழுத்தாளர். 1998-இல் அவரும் குழுவும் எழுதியது இது.

எல்லா இடத்திலும் சரியாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் கதாநாயகன் ஸ்பைக்கின் கதை அவளை ஓரமாகத் தள்ளிவிடுகிறது. ஆனாலும் 15, 18, 24 மூன்றையும் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்ட பத்திரம் முழுக்க ஆங்கிலம். எட்டாவது படித்தவர் அவர். நண்பர் கட்டாவிட்டால் முழுத் தொகைக்கும் தானே பொறுப்பு என்பதை யாரும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டவில்லை. அப்புறம் பல வருடம் கழித்து ஒரு வக்கீல் சொல்லித்தான் எனக்கும் தெரிந்தது: இறந்தவரின் கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. அப்பா விட்டுப்போனது ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி. வாசலில் வந்து நின்றவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இருந்திருக்காது.