காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருத்துவம் பார்க்கலாமா? குடும்பத்துக்குத் தொற்றாதா?

தாராளமாகப் பார்க்கலாம். இதை உலகுக்கு நிரூபித்ததே சென்னைதான். அதற்கு முன் காசநோய் என்றாலே மாதக்கணக்கில் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் தங்கல், ஓய்வு, சத்தான சாப்பாடு. ஏழைகளுக்கு அது எட்டாக்கனி.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து இங்கே ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கின. நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறுபாதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மாத்திரைகள். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். என்னைக் கேட்டால், ஆய்வின் உயிர்நாடியே இந்த உழைப்புதான். குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. ஏனென்றால், மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது. 1959-இல் முடிவு வெளியானதும் பல நாடுகள் வீட்டுச் சிகிச்சைக்கு மாறின.

அதற்காக உணவு முக்கியமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். இருமல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்த விடாதீர்கள்.